கவிழ்ந்த கலத்தை உள்ளிருந்தே நிமிர்த்திய கலை

கலம் கவிழ்தல் கடலோடிகள் யாவர்க்கும் பொதுவான இடர். ஆனால், கவிழ்ந்த கலத்தினுள் அமர்ந்தவாறே, தலை நீரின் கீழ்த் தொங்கிக்கொண்டிருக்க, பிறர் துணையின்றி அக்கலத்தைத் தானே நிமிர்த்திக்கொண்டு எழுதல் எல்லா நாட்டார்க்கும் கைவந்த வித்தையன்று. அதனை வகைவகையாகப் பகுத்து, இன்ன இடருக்கு இன்ன முறை என வரையறுத்து, தந்தை மகனுக்குக் கற்பித்துப் போற்றி வந்தோருள் தலையாயவர் கிரீன்லாந்துத் தீவின் இனூயிட் மக்கள். பழைய நூல்கள் இவர்களை எஸ்கிமோவர் என்று கூறும். அப்பெயரை அவர்கள் இன்று விரும்புவதில்லை. கலாலிட் என்பதே அவர்கள் தமக்கு வழங்கிக்கொள்ளும் பெயர். எழுத்தறியாத வேட்டுவர் என்று பிறரால் எண்ணப்பட்ட அம்மக்களிடமிருந்து இவ்வித்தை ஐரோப்பியர் கைக்கு வந்த வரலாறு, கல்வியென்பது யாது என்னும் வினாவோடு தொடர்புடையதாதலின், அதனை நம் சங்கத்து அன்பர்க்கு ஒருவாறு எடுத்துரைக்க யாம் விழைந்தோம்.

முதற்கண் அக்கலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கயாக் என்று உலகம் இன்று வழங்கும் சொல் அவர்கள் மொழிச் சொல்லே. மரம் வளராத அந்நாட்டிற்குக் கடல் நீரோட்டம் தொலைதூரத்திலிருந்து கொணர்ந்து கரையில் ஒதுக்கும் மிதவை மரத்தையே சட்டமாகக் கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்து, நீர் கசியாவண்ணம் தைத்து அதனைச் செய்தனர். தைப்பவர் பெண்டிர். அத்தையலின் செம்மையைப் பொறுத்தே கணவன் உயிர் நின்றது எனின் மிகையாகாது. கலம் 5 மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். அகலமோ அரை மீட்டர் அளவே. மேற்புறமும் தோலால் மூடப்பட்டு, நடுவே ஒருவன் இடை புகுமளவுக்கு ஒரு வாய் மட்டும் திறந்திருக்கும். அதனுள் கால்களை நீட்டி அமர்ந்து, துயிலிக் என்னும் தோற்சட்டையை அணிந்து, அதன் கீழ்விளிம்பைக் கலத்தின் வாயிலும், முகத்தைச் சுற்றியும், மணிக்கட்டுகளிலும் இறுகக் கட்டிக்கொள்வான். அவ்வளவில் மனிதனும் கலமும் ஒரே தோலுக்குள் அடங்கிய ஓருடலாகி விடுகின்றனர்.

நம் கடற்கரையின் கட்டுமரத்தோடு இதனை ஒப்பு நோக்கின் வேறுபாடு நன்கு விளங்கும். கட்டுமரம் திறந்த கலம். அலை ஏறினால் நீர் இடைவெளிகளில் வடிந்து போகும். புரண்டாலும் மரம் மரமாகவே மிதக்கும். பரதவன் பற்றி ஏறிக்கொள்வான். நீரை உள்ளே விட்டு வெளியே போக்குவது கட்டுமரத்தின் நெறி. நீரை உள்ளே விடவே விடாதிருத்தல் கயாக்கின் நெறி. இரண்டும் அவ்வந்நாட்டுக் கடலின் வெம்மை தண்மைகளை அறிந்தோர் வகுத்தவை.

கலம் கவிழ்ந்தவுடன் வெளியேறி நீந்தினாலென்ன என்று வினவுவார்க்கு விடை, அக்கடலின் தண்மையே. பனிப்பாளங்கள் மிதக்கும் நீரில் வெறுமனே விழுந்த மனிதனுக்கு முதல் ஒரு நிமிடத்தில் மூச்சு அவன் வசத்தில் இராது. தானே திணறித் திணறி இழுக்கும். அத்திணறலில் நீரை உட்கொண்டோர் அப்பொழுதே மூழ்குவர். அதனைக் கடந்தாரும் ஏறத்தாழ 10 நிமிடங்களுக்குள் கைவிரல்களின் ஆற்றலை இழப்பர். முடிச்சவிழ்க்கவோ, விளிம்பைப் பற்றவோ இயலாது. குளிரினால் உணர்விழந்து சாவது அதற்கு நெடுநேரம் பின்னரே. ஆனால் செயலற்ற கை அதற்கு முன்னரே மனிதனைக் கைவிட்டு விடுகின்றது. கலத்தை விட்டு வெளிவந்தவனுடைய தோற்சட்டைக்குள் நீர் புகும்; கலத்துக்குள்ளும் நீர் நிறையும். அரை மீட்டர் அகலமுள்ள கலத்தின்மேல் கொந்தளிக்கும் கடலில் தனியொருவன் மீள ஏறி அமர்வது எளிதன்று. உள்ளேயே இருப்பவனுக்கோ முகமும் கைகளும் நனைவதன்றி வேறு இழப்பில்லை. எழுந்து மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து வேட்டையைத் தொடரலாம். ஆகவே வெளியேறாமையே அவர்கள் நீச்சல். கிரீன்லாந்து வேட்டுவருள் பெரும்பாலார் நீந்த அறியாதவர் என்னும் செய்தியைப் படித்து நகைப்பவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இனி, எழும் முறை. கவிழ்ந்தவன் முதலில் தன் உடலை முன்னோ பின்னோ வளைத்து, ஒரு பக்கமாக நீரின் மேற்பரப்பை நோக்கிக் கொணர்கின்றான். துடுப்பை நீர்ப்பரப்பின்மீது பரப்பி ஓர் அரைவட்டமாக வீசுகின்றான். வீசுந்துடுப்பு ஒருகணம் நீரைத் தாங்குகோலாகக் கொள்கின்றது. அக்கணத்தில் இடுப்பையும் முழங்காலையும் முறுக்கினால் கலம் முதலில் புரள்கின்றது, பின்னர் மார்பு, அதன்பின் தோள், எல்லாவற்றிற்கும் இறுதியில் தலை. இம்முறை மாறலாகாது. மூச்சுக்குத் தவிப்பவன் இயல்பாகத் தலையை முதலில் தூக்கவே விரும்புவான். தூக்கினானாயின் தலையின் சுமை கலத்தை மீண்டும் கீழே இழுத்துக் கவிழ்த்து விடும். மூச்சு வேண்டின் மூச்சை மறந்திருக்க வேண்டும் என்பதே இவ்வித்தையின் அரிய இடம். கைவலியன் மெய்வலியன் என்பதெல்லாம் இங்குப் பெரிதன்று. பயிற்சியால் அச்சத்தை அடக்கிய மெல்லிய உடலினரே இதில் வல்லவராகின்றனர்.

இம்முறை ஒன்றே போதாதா, வகைகள் பல எதற்கு எனின், கடலில் இடர் ஒரே வடிவில் வருவதன்று. எறியீட்டி பாய்ந்த கடல்நாய் கயிற்றை இழுத்தோட, அக்கயிறு வேட்டுவன் கையைச் சுற்றிக்கொள்ளலாம். அப்பொழுது ஒரு கையாலேயே எழுதல் வேண்டும். துடுப்பு மேல்தளத்து வாரில் சிக்கலாம். அச்சிக்கலோடே எழுதல் வேண்டும். துடுப்பு கைநழுவி அலையோடு போய்விடலாம்; அந்நிலையில் ஈட்டி எறியப் பயன்படும் நோர்சாக் என்னும் சிறு பலகையே துடுப்பாகும்; அதுவும் போயின் வெறுங்கையே துடுப்பாகும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாவின் விடையாகத் தோன்றியதென்க. விளையாட்டாகத் தோன்றும் ஒரு முறையைக் காணும்போதெல்லாம், அதற்கு முன்பு அந்நிலையில் எழமாட்டாது இறந்தவன் ஒருவன் உண்டு என்றே யாம் கருதுகின்றோம்.

இதனால் அந்நாட்டார் அனைவரும் இதில் வல்லவராயிருந்தனர் என்று கொள்ளலாகாது. வேட்டுவருள் ஒரு பகுதியினரே முற்றக் கற்றவர். கயாக் இடர் அந்நாட்டு ஆடவர் சாவிற்குப் பெருங்காரணங்களுள் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. மகனிழந்த தாயரும் கணவனிழந்த மகளிரும் இல்லாத குடியிருப்பு அரிது. உள்நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் மான் வேட்டைக்குக் கயாக் செலுத்திய கனடா நாட்டு இனூயிட்டார்க்கு இவ்வித்தையின் தேவையே அவ்வளவாக எழவில்லை. திறந்த கடலின் அலை எங்கே கடுமையோ அங்கேதான் இது வளர்ந்தது.

இவ்வித்தை ஏட்டில் ஏறிய வரலாறு நமக்குச் சிறிது அணுக்கமானதொரு வழியிற் செல்கின்றது. 1706-இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரை அங்கு அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு என்பாரே. அதே மன்னரின் ஆதரவில், 1721-இல் ஹான்ஸ் எகெதே என்னும் நார்வே நாட்டுப் போதகர் கிரீன்லாந்து சென்று இறங்கினார். தென்கோடியில் வெயில் காயும் நம் சோழமண்டலக் கரையும், வடகோடியில் பனி மூடிய அக்கரையும் ஒரே அரசரின் சமயப் பணிக்கு இரு முனைகளாயின. அங்குச் சென்றவர் தமிழ் நெடுங்கணக்கைப் போன்றதொரு பழைய எழுத்தைக் காணவில்லை, ஏடுகளைக் காணவில்லை. ஆதலின் கல்வியே இல்லை என்று எண்ணினார் பலர். கடலில் அவர்கள் செய்த வித்தையை மட்டும் வியப்போடு நோக்கினர். 1724-இல் பூக், கிபெரொக் என்னும் இருவரைக் கோப்பன்கேகன் நகருக்குக் கொண்டுசென்று, அரசரும் நகரத்தாரும் காணக் கயாக் செலுத்திக் காட்டச் செய்தனர். கூட்டம் கண்டு களித்தது. அவருள் கிபெரொக் தாய்நாடு திரும்பும் வழியில் இறந்துபோனார். கற்றுக்கொண்டவர் ஒருவரும் இலர்.

முறையாக எழுதி வைத்தவர், மொராவியச் சகோதரர் என்னும் சபையைச் சேர்ந்த தாவீது கிரான்சு. இவர் 1761-ஆம் ஆண்டு கிரீன்லாந்து சென்று ஓராண்டளவு தங்கி, 1765-இல் செருமானிய மொழியில் அந்நாட்டு வரலாற்றை வெளியிட்டார். இரண்டாண்டில் அது ஆங்கிலத்திலும் வந்தது. அந்நூலில் கவிழ்ந்தெழும் பயிற்சிகள் பத்தினை ஒவ்வொன்றாக விரித்துள்ளார். துடுப்பின் ஒரு நுனியை வாயிற் கவ்வி மறுபுறத்தைக் கையால் இயக்கி எழுதல், துடுப்பைப் பிடரியின் பின்னே இரு கையாலும் பற்றி எழுதல், முதுகின் பின்னே பற்றி எழுதல், எறிபலகையாலோ கத்தியாலோ எழுதல், ஒன்றும் இல்லாவழி உள்ளங்கையால் நீரை அறைந்து எழுதல் என்றிவ்வாறு செல்கின்றது அவர் கணக்கு. இலக்கண ஆசிரியன் சூத்திரத்தை வகுத்தாற்போல் இம்மனிதர் எண்ணிட்டு எழுதியிருத்தல் எம்போன்ற ஆசிரியத் தொழிலினர்க்குத் தனி மகிழ்ச்சி தருவது. ஆனால் சூத்திரம் இருந்தது. அதனைப் படித்து நீரில் இறங்குவார்தாம் 160 ஆண்டுகளுக்குமேல் ஐரோப்பாவில் தோன்றவில்லை. அந்நூலைப் படித்த அறிஞர் அதனை விந்தைச் செய்தியாகவே படித்துச் சென்றனர்.

இடையில் நார்வே நாட்டு நான்சென் 1888-இல் கிரீன்லாந்தின் உட்பனியைக் குறுக்கே கடந்து, மேற்குக்கரையில் மாரிக்காலத்தைக் கழித்தார். அங்கு வேட்டுவரோடு பழகிக் கயாக் செலுத்தப் பயின்றார். 1891-இல் அம்மக்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். கவிழ்ந்தபின் தானே நிமிர வல்லவனையன்றி ஒருவனைக் கயாக்கில் தேர்ந்தவன் என்று கூறலாகாது என்பது அவர் கருத்து. இவரே 1896 ஜூன் மாதத்தில், வடதுருவம் நோக்கிச் சென்று மீளும் வழியில், கலத்திற்கு வெளியே கடல் என்ன செய்யும் என்பதைத் தம் உடலாலேயே அறிந்தார். பனிவிளிம்பில் கட்டியிருந்த இரண்டு கயாக்குகளும் கட்டு விட்டு மிதந்து செல்ல, உணவும் துப்பாக்கியும் அனைத்தும் அவற்றிலிருந்தமையின், நான்சென் நீரில் பாய்ந்து துரத்தி நீந்தினார். எட்டிப் பிடித்தபோது உடல் விறைத்துப் போயிருந்தது. ஏற முயன்று முடியாமல், பின் எவ்வாறோ ஒரு காலை மேலே போட்டு ஏறினார். அவ்வாறு விறைத்த நிலையிலும் திரும்பும் வழியில் இரண்டு கடற்பறவைகளைச் சுட்டு உணவுக்குக் கொணர்ந்தார் என்பது அம்மனிதரின் இயல்புக்குச் சான்று. அன்று அவரும் உடன் சென்ற யோகான்சனும் தப்பியது நூலிழையில்.

ஏட்டுச் சூத்திரத்தை நீரில் இறக்கிப் பார்த்தவர் ஆஸ்திரியா நாட்டு ஹன்ஸ் எடி பாவ்லட்டா. அவர் ஊருக்குக் கடலில்லை, ஆசிரியனும் இல்லை. ஆராய்ச்சியாளர் எழுதிய நூல்களைப் படித்து, மலைநாட்டு ஏரியொன்றில் தாமே முயன்று, 1927-இல் முதன்முறையாகக் கவிழ்ந்தெழுந்தார். ஐரோப்பாவில் இதனைத் தாமே பயின்று செய்த முதல்வர் எனப் போற்றப்படுபவர் இவரே. துடுப்பின் ஒரு நுனியைப் பற்றி நீளத்தை மிகுத்து வீசும் முறைக்கு இன்றளவும் அவர் பெயரே வழங்குகின்றது. எழுத்து வித்தையைச் சுமக்காது என்று கூறுவாரோடு யாம் முழுவதும் உடன்படாமைக்கு இவரே காரணம். எழுத்து அதனை விதைபோல் நெடுங்காலம் காத்தது. முளைப்பதற்கு நீரும் ஒரு மனிதனும் வேண்டியிருந்தன. ஆயினும் அவ்வேட்டுவருக்குரிய முறைக்குத் தம் பெயர் வாய்க்கப்பெற்றவர் ஐரோப்பியராயினமை நாம் சிந்திக்கத்தக்கது. பத்து முறைகளையும் கண்டவர் பெயர் ஒன்றேனும் உலகம் அறியாது.

ஆசிரியர் காலடியில் அமர்ந்து கற்றவர் ஆங்கிலேய இளைஞர் ஜீனோ வாட்கின்ஸ். இங்கிலாந்திலிருந்து கனடாவுக்கு விமானம் செல்லத்தக்க வடவழியை ஆராய, 1930-இல் தம் 23-ஆம் வயதில் ஒரு குழுவுக்குத் தலைமை பூண்டு கிழக்குக் கிரீன்லாந்து சென்றார். அங்கே தோழர் சிலரோடு அவ்வூர் வேட்டுவரிடம் கயாக் பயின்று, கவிழ்ந்தெழும் கலையில் வியக்கத்தக்க தேர்ச்சி பெற்றார். கற்ற வித்தையால் கடல்நாய் வேட்டையாடிக் குழுவினரின் உணவுக்கும் உதவினார். வெளிநாட்டார் உணவு மூட்டைகளைச் சுமந்து வந்து அந்நாட்டை வெல்ல முயன்றிருக்க, இவர் அந்நாட்டார் வாழுமாறே வாழ முயன்றது அவர் பெருமை.

1932-இல் மீண்டும் அங்குச் சென்றார். ஆகஸ்டு 20-ஆம் நாள் பனியாறு கடலில் இறங்கும் ஒரு குடாவில் தனியே வேட்டைக்குப் புறப்பட்டார். பின்னர்த் தோழர் தேடிச் சென்றபோது அவருடைய கயாக் ஆளின்றி மிதந்துகொண்டிருந்தது. பனிப்பாளமொன்றின்மேல் அவருடைய கால்சட்டையும் கயாக்கின் இடைக்கச்சும் கிடந்தன. உடல் கிடைக்கவேயில்லை. வயது 25. நிகழ்ந்ததைக் கண்டார் ஒருவருமிலர். கால்சட்டையும் கச்சும் பனியின்மேல் கிடந்தமையால், அவர் எவ்வாறோ கலத்தை விட்டு வெளியே வந்து, விலகிச் செல்லும் கலத்தைப் பிடிக்க நீரில் இறங்கினார் என்றே பலரும் கருதினர். நான்சென் பிடித்துவிட்டார், வாட்கின்ஸ் பிடிக்கவில்லை. கவிழ்ந்தெழும் வித்தை கலத்துக்குள் இருப்பவனுக்கே உரியது. கலம் கைவிட்டுப் போனவிடத்து அதற்கு வேலையில்லை. வேட்டுவர் பெரும்பாலும் இருவராகச் செல்லும் வழக்கத்தின் கருத்தும் அதுவே. கவிழ்ந்தவன் எழ இயலாதபோது மற்றவன் தன் கலத்தின் முனையை அவன் கைக்கு நீட்டுவான். அதனைப் பற்றி எழுவான். வித்தையின் கடைசிப் பாடம் துணை என்னும் இதனை அவ்வூர் முதியோர் அறிந்திருந்தனர்.

பிற்காலத்தார் வெளியேறியவனும் மீளுதற்குச் சில வழிகளைக் கண்டனர். துடுப்பின் நுனியில் காற்றுப்பை ஒன்றைச் செருகி ஊதிக் கட்டி, துடுப்பைக் கலத்தின் குறுக்கே வைத்தால் அது ஒருபுறம் மிதவையாக நின்று கலம் புரளாமல் தாங்கும். அதன்மேல் உடலைச் சாய்த்து ஏறலாம். கலத்தின் பின்புறத்தில் குதிரையேறுவதுபோல் கவைத்து ஏறுதல் ஒன்று. கவிழ்ந்த கலத்துக்குள் நீரினடியாகவே மீளப் புகுந்து, பழைய முறைப்படி உருண்டெழுதல் மற்றொன்று. கலத்தின் முன்னும் பின்னும் நீர் புகாத அறைகளை அமைத்ததனால் இவையெல்லாம் இயல்வனவாயின. செருமானிய மருத்துவர் லிண்டெமான் 1956-இல் பாய் கட்டிய மடக்குக் கயாக்கில் தனியராய் 72 நாளில் அட்லாண்டிக்குப் பெருங்கடலைக் கடந்தபோது, இரவிருளில் கலம் கவிழ்ந்தது. அலையில் அதனை நிமிர்த்தல் ஆகாதென்றுணர்ந்து, கவிழ்ந்த அடிப்புறத்தின்மேல் கவிழ்ந்து படுத்துப் பற்றிக்கொண்டு விடியுமளவும் காத்திருந்து, ஒளி வந்தபின் நிமிர்த்தினார். வெப்பக் கடலாதலின் அவர்க்கு அவ்வாறு காத்திருக்க முடிந்தது. கிரீன்லாந்துக் கடலில் அவ்வழி இல்லை.

ஆசிரியத் தொழிலினராகிய எம்மை நெடுநாள் உறங்கவிடாத செய்தியொன்று இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1993 மார்ச்சு 22-ஆம் நாள், தென்கரையிலுள்ள லைம் குடாவில் பள்ளி மாணவர் எண்மரும் அவர்தம் ஆசிரியர் ஒருவரும், பயிற்றுநர் இருவரோடு கயாக்கில் அருகிலுள்ள ஊர்க்குப் புறப்பட்டனர். நண்பகலுக்குள் முடியவேண்டிய செலவு. தரைக்காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளிற்று. கயாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நீர் நிறைந்து கவிழ்ந்தன. அப்பிள்ளைகளுக்குக் கவிழ்ந்தெழவும் தெரியாது. நீர் நிறைந்த கலத்தில் மீள ஏறவும் தெரியாது. உரிய காலத்தில் செய்தி சென்று சேராமையால் உதவி வர மாலையாயிற்று. மாணவருள் நால்வர் இறந்தனர். அப்பயிற்சி நிலையத்தை நடத்திய நிறுவனமும் அதன் தலைவரும் 1994-இல் உயிர்க்கொலைக் குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டனர். 1995-இல் இளைஞர்க்குரிய இத்தகைய நிலையங்களை ஒழுங்குபடுத்தச் சட்டமும் வந்தது. கிரீன்லாந்துச் சிறுவன் எவனையும் அவன் தந்தை, கரையோரத்து ஆழமற்ற நீரில் கவிழ்த்து எழுப்பிப் பழக்காமல் கடலுக்கு அனுப்பியிரான். அச்சிறுவர்க்குப் புத்தகம் இல்லை. இப்பிள்ளைகளுக்குப் புத்தகமெல்லாம் இருந்தன.

ஆனால் அக்கிரீன்லாந்திலேயே இக்கலை அழியும் எல்லைக்குச் சென்று மீண்டதென்பதையும் சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் கடல் நீர் சற்று வெம்மையுற்று, கடல்நாய்கள் குறைந்து, மீன் பிடித்தலே பெருந்தொழிலாயிற்று. பொறிப் படகுகளும் பெருகின. தோற்கயாக் செய்வாரும் அரிதாயினர். தந்தை மகனுக்குக் கற்பிக்க வேண்டிய தேவையே அற்றது. 1979-இல் அந்நாட்டார் தன்னாட்சி பெற்றபின், 1980-களில் இளைஞர் சிலர் கூடிக் கயாக் சங்கங்கள் நிறுவினர். எஞ்சியிருந்த முதிய வேட்டுவரைத் தேடிச் சென்று, அவர்தம் உடலில் எஞ்சியிருந்த வித்தையைக் கேட்டும் கண்டும் பயின்றனர். அச்சங்கங்களின் பேரவையாகிய கானாத் கத்துஃபியாத் ஆண்டுதோறும் நடத்தும் போட்டியில் கவிழ்ந்தெழும் முறைகள் முப்பதுக்கு மேற்பட்டவை இடம் பெறுகின்றன. பலவற்றை வலம் இடம் என இருபுறமும் செய்து காட்ட வேண்டும். கிரான்சு எழுதியவற்றுட் பலவும் அவர் எழுதாத பலவும் அவற்றுள் அடங்கும். முழங்கையாலேயே எழுதலும், கையில் ஒரு செங்கலைப் பிடித்தவாறு எழுதலும் கடினமானவற்றுள் வைத்து எண்ணப்படுகின்றன. முன்னாளில் எறியீட்டியைக் கைவிடாது எழுந்த வேட்டுவனுக்குப் பதிலாக இன்று செங்கல் நிற்கின்றது.

அப்போட்டியில் நீரில் நடவாத ஒரு பகுதியும் உண்டு. தரையில் நட்ட கம்பங்களிடையே கயிறுகளை இறுகக் கட்டி, அவற்றின்மேல் அமர்ந்தும் தொங்கியும் உடலை முறுக்கிச் சுழன்றெழுவர். கயாக்கில் ஏறும் வயது வாரா முன்னர்ச் சிறுவரை இடுப்பும் மூச்சும் அடங்கப் பழக்குதற்கு முன்னோர் வகுத்த பயிற்சி அது. பனிக்காலத்தில் கடல் உறைந்து கிடக்கும்போது வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிப் பழகுவதுமுண்டு. இப்பொழுது அங்கே சிறுமியரும் அக்கயிற்றில் ஏறிப் பழகுகின்றனர்.